பின்தூணில் கட்டிய மோட்டார்

எங்கள் வீடு முதல் தடவை நகர்ந்தபோது நான் அடுப்படியில் உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தேன், மூன்று வயசு மகள் ஜெனோவா என் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பின்வாசலில் மோட்டார் இருமி இருமி ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது, பிடித்த சத்தத்தோடு அடுப்பில் இருந்த கஞ்சி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சுவரில் தொங்கிய மாதா படம் முன்னால் குனிந்து நிமிர்ந்தது, எட்டிப் பார்த்தால் வாசலுக்கு நேரே நின்ற பூவரச மரம் பக்கவாட்டு சன்னலுக்கு வந்திருந்தது. மரம் வரவில்லை, நாங்கள்தான் போயிருக்கிறோம் என்று புரிய எனக்கு இன்னொரு சாளை உரசுகிற நேரம் ஆனது. அதற்குள் மோட்டார் நின்றுவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு முற்றத்தில் காயப்போட்ட மிளகாயை எடுக்கப் போனேன். வீடு அதன் மேல் ஏறிப் பாதியை அமுக்கியிருந்தது. அந்த மிளகாய்க்குத்தான் அன்றைக்குச் சண்டை.

"ஏங்க, உங்க மோட்டாரால என் மிளகாய் போச்சு."

"ஓடிச்சு பாத்தியா பிரகாசி!" என்றார் என் கணவர் கஸ்பார். முகமெல்லாம் கரி, கரிக்குள் பல் மட்டும் வெள்ளை. "பதினோரு வருசம் செத்துக் கெடந்ததுலா, ஓடிச்சு பாத்தியா!"

வீடு ஓடியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோட்டார் ஓடினால் அதோடு கட்டியிருப்பது போகத்தானே செய்யும் என்கிற மாதிரி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அந்த வள்ள மோட்டார் யாருடையது என்று சொல்ல வேண்டும், என் வயிற்றெரிச்சல் முழுக்க அதில்தான் இருக்கிறது. கஸ்பாருக்குத் தாய்மாமா தொம்மை. தொம்மை மாமாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது, ஒரே மகள் சலேத். எங்கள் சிப்பிமுனைக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மூன்று ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. கஸ்பாருக்கும் சலேத்துக்கும் இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது வாசிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் "அது முடிஞ்ச கதைலா" என்று ஊரே ஒரே வாயால் சொல்லும். ஆறு வருசம் கழித்து அவருக்கும் எனக்கும் மூன்று ஓலையும் குறைவில்லாமல் வாசித்தார்கள், ஆனாலும் நான் காதால் கேட்காத அந்த இரண்டு ஓலையும் எனக்குள்ளே யாரோ வாசித்துக்கொண்டே இருந்தார்கள், மாவு பிசையும்போது, துணி பிழியும்போது, பிள்ளைக்குத் தலை சீவும்போது.

சலேத்தக்கா அப்புறம் கல்யாணமே செய்யவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்கிறாள். போன மழையில் தொம்மை மாமாவின் பழைய கொட்டகை சரிந்தது, மக்கிப்போன வலைக்கு அடியில் இந்த மோட்டார் கிடந்தது. மாமா இறந்து வருசம் இரண்டாகிறது, கேட்க ஆளில்லை. சலேத்தக்கா நேராக எங்கள் வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவரிடம் சொன்னாள்: "கஸ்பாரு, அப்பா மோட்டாரை நீ எடுத்துக்கோ. வேற யாருகிட்டயும் குடுக்க மனசில்ல."

வேற யாருகிட்டயும். அந்தச் சொல்லை நான் நாற்பது நாள் மென்றேன்.

நாற்பது நாளும் மோட்டார் எங்கள் நடுவீட்டில் சாக்கு விரித்துப் படுத்திருந்தது. பிஸ்டன் இறுகிப்போயிருந்ததால் பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி, காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போலத் துணி போர்த்தி, நாலு நாள் யாரும் தொடக்கூடாது என்றார். கார்பரேட்டரை என் பால் சட்டியில் போட்டு வேகவைத்தார். தண்ணீருக்குள் சுற்றுகிற பித்தளை விசிறிக்கு நான் குழம்புக்கு ஊறவைத்த புளியைப் போட்டுத் தேய்த்தார், அது என் கல்யாணக் குத்துவிளக்கைவிடப் பளபளத்தது. உப்பு அடைத்த குழாய் ஒவ்வொன்றிலும் வாய் வைத்து ஊதினார். எனக்கு ஜுரம் வந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்தாரோ இல்லையோ, அதன் தலையில் கை வைத்து வைத்துப் பார்ப்பார். இடையிடையே எழுந்து, "ஒரு சந்தேகம், சலேத்துகிட்ட கேட்டுட்டு வந்துர்றேன்" என்று போவார். தையற்காரியிடம் மோட்டாரைப் பற்றி என்ன சந்தேகம்? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

மோட்டாரை ஓட்டிப் பார்க்க அதன் கால் தண்ணீருக்குள் நிற்க வேண்டும் என்பதால், பின்வாசலில் பெரிய இரும்பு டிரம் வைத்து நிறையத் தண்ணீர் ஊற்றி, விளிம்பில் பலகை கட்டி, பலகையில் மோட்டாரை மாட்டி, ஓடும்போது டிரம் குதிக்கக்கூடாதென்று டிரம்மைக் கயிற்றால் வீட்டின் பின்தூணோடு சேர்த்து இறுக்கினார். வீட்டுக்குப் பின்னால் கட்டியதால் வீடு முன்னால் போனது. பக்கத்தில் கட்டியிருந்தால் பக்கத்தில் போயிருக்கும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள்.

ஆண்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "ஓட்டு வீட்டையே இழுக்குன்னா நல்ல இழுவைவே, வள்ளத்துல மாட்டுனா என்ன போடு போடும்" என்று தலையாட்டிப் போனார்கள். கரண்டுக்காரர் ஏணியோடு வந்து, "அடுத்தவாட்டி வீட்டை எடுக்க முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, வயரை அவுத்து விடுறேன்" என்று கோபித்துக்கொண்டு, கூடவே இருபது முழம் வயர் சேர்த்துச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். சொட்டு மருந்து போட வந்த நர்ஸம்மா பழைய இடத்தில் நின்று கூப்பிட்டுப் பார்த்து, சக்கரத் தடம் போல மணலில் கிடந்த வீட்டுத் தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். எங்கள் கோழிகள் மட்டும் இரண்டு நாள் பழைய இடத்தில்தான் அடைந்தன, மூன்றாம் நாள் அவையும் பழகிவிட்டன. தண்ணீருக்குப் போகிற பெண்கள் வாசலில் வந்து, "பிரகாசி, இன்னைக்கு வீடு குழாய்ப் பக்கம் போகுமா?" என்று கேட்டுக் குடத்தோடு ஏறி நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள், பத்தடி போகும், பன்னிரண்டடி போகும், அதற்குள் மோட்டார் சூடாகி நின்றுவிடும், அவர்கள் இறங்கி மீதியை நடந்து போவார்கள்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. நான் சிரிக்கிற ஆள். ஆனால் எங்கள் வாசலில் கடலைப் பார்த்து நின்றால் வலதுகைப் பக்கம், கருவாடு காயப்போடுகிற வெறும் மணலுக்கு அந்தப் பக்கம் இருப்பது சலேத்தக்கா வீடு. முதல் நாள் வீடு நேராகப் போனது. அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த மோட்டார் அவள் வீட்டில் கிடந்த மோட்டார், வாலாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டால்? பின்வாசலுக்குப் போய், அதன் கைப்பிடியை அவள் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக, இடது பக்கமாகத் தள்ளி, ஒரு சிறு கயிற்றால் கட்டி வைத்தேன்.

நான் உப்பளத்து ஊர்ப் பெண். கடல் தண்ணீரைப் பாத்தியில் விட்டுக் காயவைத்து வாரத் தெரியும், அதன் மேல் போகத் தெரியாது. இங்கே வாக்கப்பட்டு வந்த பிறகும் வள்ளத்தில் கால் வைத்ததில்லை, பெண்கள் வள்ளத்தில் ஏறக்கூடாது என்பது ஊர்க் கட்டு. சைக்கிளை இடது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போகும். மாட்டை இடது பக்கம் இழுத்தால் இடது பக்கம் போகும். வேறென்ன இருக்கிறது?

அடுத்த நாள் மோட்டாரைப் பிடித்தார், வீடு வலது பக்கம் போனது.

எனக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. பார்த்தாயா, நான் நினைத்தது சரி, இதற்கு எஜமானி அவள்தான் என்று, மத்தியானம் போய்க் கைப்பிடியை இன்னும் இடது பக்கம் இழுத்து இறுக்கினேன். மறுநாள் வீடு இன்னும் வலது பக்கம் திரும்பியது. நான் இன்னும் இழுத்தேன். அது இன்னும் திரும்பியது. ஒரு வாரம் நானும் மோட்டாரும் இப்படிச் சக்களத்திகள் மாதிரி முடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம், அவர் தினமும் காலையில் கைப்பிடியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கயிறு இழுத்து ஓட்டுவார், கார்பரேட்டருக்குள் தலையை விட்டுக்கொள்வார், வீடு கருவாட்டு மணலைத் தாண்டி, சாரைப்பாம்பு மாதிரி வளைந்து வளைந்து, சலேத்தக்கா வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது.

குழாயடியில் பிலோமினா சித்தி சும்மா விடுவாளா?

"என்னளா பிரகாசி, வீட்டையே கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறியாமே?"

"ஆமா சித்தி, மறுவீடு. பலகாரம் நீங்க கொண்டு வாறீயளா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், குடத்தை இடுப்பில் இடித்து வைத்ததில் தண்ணீர் பாதி கொட்டிப்போனது.

திருவிழா நெருங்கியது. மாதா சப்பரம் வருகிற வழியில் எங்கள் வீட்டின் பின்பாதி நின்றது. ஊர்க் கமிட்டித் தலைவர் வந்து, நின்ற இடத்தைக் காலால் அளந்து, "வீடு எங்கன வேணாலும் நிக்கட்டும் கஸ்பாரு, அது உன் இஷ்டம். மாதா போற வழியில நிக்கப்பிடாது. சனிக்கிழமை கடைசி" என்றார். என் கணவரும் சரி என்றார், அப்புறம் என்னிடம் திரும்பி, "மோட்டார் தயாராயிட்டு. சனிக்கிழமை கடைசியா ஒரு ஓட்டு, ஞாயித்துக்கிழமை வள்ளத்துல மாட்டிருவேன்" என்றார்.

அப்படியானால் சனிக்கிழமை வீடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் என் ஆயுசுக்கும் நிற்கும். அன்று வெள்ளி. எங்கள் ஓட்டு விளிம்பும் சலேத்தக்கா வீட்டு ஓட்டு விளிம்பும் உரசிக்கொண்டிருந்தன, என் அடுப்படி சன்னலுக்கு நேரே அவள் தையல் மிஷின் சன்னல், கை நீட்டினால் அவள் ஊசியைப் பிடுங்கிவிடலாம். இனி அவர் சந்தேகம் கேட்க முற்றத்தில்கூட இறங்க வேண்டாம். நான் இங்கே புளி கரைக்க, அவர் அங்கே பேசிக்கொண்டிருப்பார். என் பிள்ளை அவளை என்ன என்று கூப்பிடும்? நான் சன்னலைத் திறந்தேன்.

"சலேத்தக்கா, உங்களுக்கு இப்ப சந்தோசம்லா?"

"எனக்கு என்னளா சந்தோசம்?" மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள். வாயில் நாலு குண்டூசி.

"உங்க மோட்டார் உங்ககிட்ட வந்துட்டு. பின்னாலயே அவரும் வந்துட்டாரு. நான் பெருக்கித் துடைக்கிற வீடும் வந்துட்டு. இன்னும் என்ன வேணும்? அந்த மூணாவது ஓலையா?"

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. என்னைத் தாண்டி என் பின்வாசலைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள்.

"அந்தக் கைப்பிடியை இடது பக்கம் இழுத்துக் கட்டுனது யாரு?"

"நான்தான். உங்க வீட்டுப் பக்கம் போயிரப்பிடாதுன்னு."

மிஷின் நின்றது. சலேத்தக்கா குண்டூசியைக் கையில் எடுத்துக்கொண்டாள், அப்புறம் சிரித்தாள் பாருங்கள், மேசையில் தலை முட்டச் சிரித்தாள், தைத்த கால்சட்டையில் கண்ணைத் துடைத்தாள்.

"ஏட்டி கிறுக்கி! இடது பக்கம் தள்ளுனா வலது பக்கம்லா போகும்! பின்னால இருந்து தள்ளுதது அது. நீதான் ஒரு வாரமா வீட்டை இங்கன ஓட்டிக்கிட்டு வந்திருக்கே!"

என் காது இரண்டும் அடுப்பில் வைத்த மாதிரி ஆனது. சன்னலைச் சாத்தலாம் என்று பார்த்தால் கதவு அவள் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு சாத்த வரவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"எனக்கா? பன்னெண்டு வயசுல இருந்து அதை ஓட்டுனது யாருன்னு நெனச்சே?" அவள் சிரிப்பு இறங்கிவிட்டது. "அப்பாவுக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல. என் தலையில துண்டைக் கட்டி, அவரு சட்டையைப் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போவாரு. ஊருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்கிட்டாங்க. இந்த மோட்டார் எந்தக் காத்துக்கு இருமும், எப்ப மூச்சடைக்கும்னு அப்பாவைவிட எனக்குத் தெரியும். ரெண்டு ஓலை வாசிச்ச பிறகு உன் மாமியார் வந்து சொன்னாங்க, 'மருமகளா வாறவ வள்ளத்துல ஏறப்பிடாது'ன்னு. அப்ப ஓலையை நிப்பாட்டுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"நீங்களா?"

"நான்தான். அப்பா கோபத்துல மோட்டாரைக் கொண்டுபோய்க் கொட்டகையில போட்டுப் பூட்டுனாரு. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்னு. சாகுற வரைக்கும் தெறக்கல."

பின்னால் கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது, அதை எடுக்கவும் போகவில்லை.

"அப்ப அவரு தினமும் இங்கன வாறது..."

"சோக்கை எவ்வளவு இழுக்கணும், சூடானா என்ன செய்யணும்னு கேக்கத்தான். பொம்பளகிட்ட கேட்டுப் படிக்கேன்னு உன்கிட்ட சொல்ல வெக்கம் அவனுக்கு." அவள் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், நூல் ஏறவில்லை. "உனக்கு என் மேல வயித்தெரிச்சல்னு ஊரே சொல்லுது. எனக்கு உன் மேல எவ்வளவுன்னு உனக்குத் தெரியாது. தினமும் இங்கன இருந்து அந்தச் சத்தத்தைக் கேக்கேன். நீ போய் அதைத் தொடுதே. கட்டுதே. அதுவும் தப்பால்லா கட்டுதே!"

அன்றைக்கு அவர் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது போய் முன்னால் நின்றேன்.

"கைப்பிடி இடது பக்கம் கட்டியிருந்ததை நீங்க பாக்கலையா?"

"பாத்தேன். நீதான் கட்டுனேன்னும் தெரியும்."

"அப்ப வீடு வலது பக்கம் போகும்னு தெரியாதா?"

"தெரியாம என்ன? உனக்கு சலேத்து பக்கத்துல போயி இருக்கணும்போலன்னு நெனச்சேன். வந்ததுல இருந்து இங்கன உனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளு இல்லலா. வாய்விட்டுக் கேக்க உனக்குக் கூச்சமா இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்த மனிதனைக் கட்டிப்பிடிக்கவா, கையில் இருந்த ஸ்பானரால் ஒன்று போடவா என்று தெரியாமல், இரண்டும் செய்யாமல் உள்ளே போய்க் கஞ்சி துடைத்தேன்.

சனிக்கிழமை காலையில் தெரு முழுக்க ஆள். கரண்டுக்காரர் வயரை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டைச் சப்பர வழியைவிட்டு இடது பக்கம் திருப்பி, பனைமட்டை வேலியைத் தொடாமல், ஐஸ் கம்பெனி வளைவில் ஒடித்து, பழைய இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். என் கணவர் மோட்டார் கயிற்றில் கை வைத்தார். நான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி:

"நீங்க ஓட்ட வேண்டாம். சலேத்தக்கா ஓட்டட்டும்."

சொல்லிவிட்டேன், ஆனால் சொன்ன வாயிலேயே கசந்தது. நான் கோலம் போடுகிற வீடு, என் பிள்ளை பிறந்த வீடு, அதை வேறொருத்தி கையில் கொடுக்கிறேன், அதுவும் அந்த ஒருத்தி கையில். பெண்கள் வள்ளம் ஓட்டக்கூடாது என்று யாரோ பின்னால் முனகினார்கள். கமிட்டித் தலைவர் கொஞ்சம் யோசித்து, தொண்டையைச் செருமி, "வள்ளத்துலதான் ஏறப்பிடாதுன்னு கட்டு. இது வீடுலா. வீட்டுல பொம்பள இருக்கப்பிடாதுன்னு யாரும் சொல்லல" என்றார்.

சலேத்தக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பின்வாசலில் ஏறினாள். மோட்டாரின் தலையைத் தட்டவுமில்லை, தடவவுமில்லை, கயிற்றை ஒரே இழுப்பு, நாற்பது நாள் என் கணவருக்கு இருமிக் காட்டிய மோட்டார் அவளுக்கு முதல் இழுப்பில் பாட ஆரம்பித்தது. வீடு கிளம்பியது. நான் அடுப்படியில் நின்று பானையைப் பார்த்தேன், தண்ணீர் அலுங்கவில்லை, ஓட்டு விளிம்பு அவள் வீட்டை உரசாமல் விலகியது, சப்பர வழி எங்கள் சன்னலில் வந்து எங்கள் சன்னலை விட்டுப் போனது, பனைமட்டை வேலி ஒரு சாண் தள்ளி நின்று வழிவிட்டது, பிள்ளைகள் கூடவே ஓடினார்கள், கரண்டுக்காரர் வயரோடு ஓடினார், பிலோமினா சித்தி குடத்தோடு ஓடி வந்து ஏறிக்கொண்டாள், ஜெனோவா வாசற்படியில் உட்கார்ந்து தெருவுக்கெல்லாம் கையாட்டினாள், ஒரு வீடு இத்தனை லேசாகப் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பின்வாசலுக்கு வந்தேன். கஸ்பார் சற்றுத் தள்ளி நின்று, வாய்ப்பாடு படிக்கிற பையன் மாதிரி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. காற்று அவள் முடியைக் கலைத்திருந்தது, கண் எங்கேயோ தூரத்தில் இருந்தது, கைப்பிடியை இரண்டு விரலால் மட்டும் பிடித்திருந்தாள், என் மொத்த வீடும் அந்த இரண்டு விரலில் இருந்தது. எனக்குள்ளே அடிவயிற்றில் இருந்து ஒன்று எரிந்துகொண்டு ஏறியது, பழக்கமான எரிச்சல்தான், ஆனால் இந்தத் தடவை அவர் பொருட்டு இல்லை. எனக்கு அந்தக் கைப்பிடி வேண்டும்.

"தள்ளுங்க அக்கா. நான் பிடிக்கேன்."

"தெரியுமா உனக்கு?"

"இடது போகணும்னா வலது."

அவள் உடனே தரவில்லை. தந்தபோது விரல் ஒவ்வொன்றாகத்தான் பிரிந்தது. நான் பிடித்ததும் வீடு ஒரு குலுங்குக் குலுங்கியது, உள்ளே பாத்திரம் உருண்டது, பிலோமினா சித்தி "ஏசுவே!" என்று கத்தினாள். என் உள்ளங்கையில் மோட்டார் துடித்தது, சூடான பெரிய மீன் மாதிரி. அவர் பதறி வந்து என் கை மேல் கை வைக்கப் பார்த்தார்.

"நீங்க போயி உள்ள பாத்திரத்தை எடுத்து அடுக்குங்க," என்றேன். போனார்.

சலேத்தக்கா என் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு என் கையைப் பார்த்தாள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், அஞ்சு வருசமாகத் தினமும் தலை சீவும்போது கண்ணாடியில் பார்த்த முகம். ஐஸ் கம்பெனி வளைவு வரைக்கும் அதை ஆசை தீரப் பார்த்தேன், பொய் சொல்வானேன், அவ்வளவு ருசி. வளைவு வந்தது, வீட்டின் மூக்கு சுவரைப் பார்த்துப் போனது, நான் பின்வாசலில் கொஞ்சம் ஒதுங்கி ஓர் ஆள் நிற்க இடம் விட்டேன்.

அவள் வந்து நின்றாள், கைப்பிடியில் என் கைக்குப் பக்கத்தில் கை வைத்தாள்.

"இன்னும் வலது தள்ளு," என்றாள்.

"தெரியும்க்கா," என்று தள்ளினேன்.